பல்லாங்குழி தெரியவில்லையா? சைடு இமேஜிங்கில் ப்ளூகில் கூடு தேடுவோருக்கு

படகின் இரு பக்கத் தரையையும் ஒலியால் படம்பிடித்துத் திரையில் காட்டும் சோனார்தான் சைடு இமேஜிங். அதைப் பொருத்திய முதல் வசந்தத்தில் மீனின் முட்டைக்குழி ஒன்றைக்கூட நான் திரையில் பார்க்கவில்லை. இன்று அதே ஏரியில், அதே கருவியை வைத்துக்கொண்டு, காலைக் காற்று கிளம்புவதற்குள் நாலைந்து குழிக்கூட்டத்தைக் குறித்துவிடுகிறேன். நடுவில் மாறியது ஒன்றுதான். படம் சரியில்லை என்றதும் கை தானாக சென்சிட்டிவிட்டிக்கு (எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவுக்கு) போகுமே, அந்தப் பழக்கத்தை விட்டேன். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ரேஞ்சில் (கருவி பக்கவாட்டில் பார்க்கும் தூரத்தில்) இருக்கும், படகின் ஓட்டத்தில் இருக்கும், இல்லையென்றால் நிழலைப் படிக்கப் பழகாத நம் கண்ணில் இருக்கும்.

பேசப்போவது அமெரிக்க ஏரிகளின் பேன்ஃபிஷ், அதாவது வாணலிக்குள் அடங்கும் சின்ன மீன்கள் பற்றி: ப்ளூகில், ரெட்இயர், பம்ப்கின்சீட் போன்ற சன்ஃபிஷ் வகைகள். ஆண் மீன் வாலால் விசிறி விசிறித் தரையைக் கூட்டித் தள்ளி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குழி பறிக்கும். அதை ஒட்டி இன்னொரு ஆண், அதற்குப் பக்கத்தில் வேறொன்று என்று பத்து, ஐம்பது, தோதான இடத்தில் நூறுக்கு மேலேயும் சேர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் பல்லாங்குழிப் பலகையை நீளமாக விரித்துப்போட்ட மாதிரி. ஒரு குழியின் குறுக்களவு 1 அடிக்கு முன்னே பின்னே. இந்த 1 அடியை மனதில் வையுங்கள், கீழே வரும் கணக்கெல்லாம் அதைச் சுற்றித்தான். கிராப்பியும் பேன்ஃபிஷ்தான் என்றாலும் அது இப்படிக் கண்ணுக்குத் தெரியும் குழி பறிப்பதில்லை. அதைத் தேடுபவர்களுக்கு இதில் பாதிதான் உதவும்.

கட்டை தெரிகிறது, கரை தெரிகிறது, குழி மட்டும் எங்கேயும் இல்லை

கருவியைத் தொடாதீர்கள். அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம்: அங்கே குழி இல்லை.

முதலில் தண்ணீரின் சூடு. ப்ளூகில் ஏறத்தாழ 67 முதல் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 19 முதல் 27 செல்சியஸில் முட்டையிடும். ரெட்இயர் பெரும்பாலும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். ஃப்ளோரிடாவில் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும் வேலை மின்னசோட்டாவில் மே கடைசிக்கோ ஜூனுக்கோ தள்ளிப்போகும், ஆகவே காலண்டரை நம்பி இறங்குவது வீண். முழுநிலவுக்குத்தான் மீன் கூடு கட்டும் என்று படகுத்துறையில் சத்தியம் செய்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. வெப்பமானியைப் பார்த்துவிட்டுப் படகை இறக்குகிறேன். ஒரே ஏரியிலும் சூடு ஒரே மாதிரி இருக்காது. வாடைக்காற்று படாமல் தெற்கு வெயிலை வாங்கும் வடக்குக் கரை விரிகுடாக்கள் மற்ற இடங்களைவிட முன்னதாகவே சூடேறும்.

அடுத்து தரை. மணல், சரளை, சிப்பி ஓடு கலந்த இடம் வேண்டும். முழங்கால் புதையும் சேற்றில் முட்டை மூச்சு முட்டிப்போகும், மீனுக்கு அது தெரியும். ஆழம் ப்ளூகில்லுக்குப் பொதுவாக 2 முதல் 6 அடி. ரெட்இயர் அதைவிட ஆழத்துக்குப் போகும், 8 அடியிலும் 10 அடியிலும் கட்டும். தண்ணீர் தெளிவாக இருந்தால் எல்லாமே சற்று ஆழமாக நகரும். 2 அடிக்கும் குறைவான தண்ணீரில் சோனாரை ஓட்டுவதே வேண்டாத வேலை. போலரைஸ்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றால் போதும். சைடு இமேஜிங்கின் அருமை தெரிவது கலங்கிய தண்ணீரில், 3 முதல் 10 அடி வரை உள்ள அந்தக் கண்ணுக்கு எட்டாத விளிம்பில்.

ஏதோ பொடிப்பொடியாகத் தெரிகிறது, குழி என்று சொல்ல முடியவில்லை

என் முதல் வசந்தத்தைத் தின்ற கோளாறு இதுதான். ரேஞ்சைப் பக்கத்துக்கு 120 அடி என்று வைத்திருந்தேன். அதிகம் பார்த்தால் அதிகம் கிடைக்கும் என்ற பேராசை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் திரை குறுக்கே 1024 புள்ளிகள் என்றால் ஒரு பக்கத்துக்கு 512. அதில் 120 அடியைத் திணித்தால் ஒரு அடிக்கு 4 புள்ளிதான். 1 அடிக் குழி, நாலு புள்ளிக்குள் வெளிச்சமும் நிழலும் காட்ட வேண்டும். எப்படிக் காட்டும்? ரேஞ்சை 40 அடிக்குக் குறைத்தால் அதே குழிக்கு 12, 13 புள்ளி கிடைக்கிறது. இன்னொரு வழியும் இருக்கிறது. கரையோரமாகப் போகும்போது ஆழமான பக்கத்தை அணைத்துவிட்டுக் கரைப் பக்கத்தை மட்டும் முழுத் திரைக்கு விரித்துவிடலாம். பெரும்பாலான கருவிகளில் இந்த வசதி இருக்கிறது, மெனுவில் தேடினால் கிடைக்கும். புள்ளிகள் அப்படியே இரட்டிப்பாகும்.

திரை மட்டும் காரணம் என்றால் பெரிய திரை வாங்கினால் தீர்ந்துவிடும். தீராது. சைடு இமேஜிங்கின் ஒலிக்கற்றை முன்பின்னாக மிக மெல்லியது, பக்கவாட்டில் அகலமானது. விசிறியைச் செங்குத்தாகப் பிடித்த மாதிரி. அந்த மெல்லிய பக்கமும் தூரம் போகப் போகத் தடிக்கும். கற்றையின் தடிமன் 1 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 40 அடி தூரத்தில் அது சுமார் 8 அங்குலம், 100 அடியில் 1 அடி 9 அங்குலம். குழியைவிடக் கற்றை தடித்துவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் குழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இழுகிய சாந்து மாதிரிதான் தெரியும். அதிர்வெண் ஏறினால் கற்றை மெலியும். 455 கிலோஹெர்ட்ஸில் கூழாகத் தெரிந்த இடம் 1.2 மெகாஹெர்ட்ஸில் பிரிந்து தெரிவதற்கு அதுதான் காரணம். அந்த உயர் அதிர்வெண் தூரம் போகாது. நமக்கோ தூரமே வேண்டாம். உங்கள் கருவியில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணை எடுங்கள், ரேஞ்சை 40 முதல் 60 அடிக்குள் வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சென்சிட்டிவிட்டியை இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். அதுவும் கூட்டுவதைவிடக் குறைப்பதே அதிகம் பலன் தரும். ஆழமில்லாத கடினமான தரையில் எல்லாமே வெளுத்துப்போய் நிழல் மறைந்துவிடும். நிழல் மறுபடி கருப்பாகும் வரை குறையுங்கள், கான்ட்ராஸ்டை ஒரு படி ஏற்றுங்கள், அவ்வளவுதான்.

குழிகள் வட்டமாக இல்லை. நீண்டிருக்கின்றன அல்லது நசுங்கியிருக்கின்றன

வேகம். திரையின் குறுக்கு அளவு தூரத்திலிருந்து வருகிறது, மேல்கீழ் அளவு படகு நகர்வதிலிருந்து வருகிறது. படகு ஊர்ந்தால் குழி மேல்கீழாக நீண்டு வெள்ளரிக்காய் மாதிரி ஆகும். படகு விரைந்தால் ஒரு கீற்றாக நசுங்கும். மணிக்கு 3 முதல் 5 மைல் நல்ல வேகம். 4 மைலில் படகு நொடிக்குச் சுமார் 6 அடி போகிறது; ஒரு குழியைக் கடக்க நொடியில் ஆறில் ஒரு பங்குதான். அதற்குள் கருவி எத்தனை தடவை ஒலி அனுப்பிக் கேட்க முடிகிறதோ அத்தனை கோடுதான் அந்தக் குழிக்கு. ரேஞ்சைக் குறைத்தால் எதிரொலி சீக்கிரம் திரும்பும், கோடுகள் கூடும். ரேஞ்ச் மறுபடி இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

படம் உருளும் வேகத்துக்கும் படகின் வேகத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். எனக்குப் பழகிய சோதனை: நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு பழைய டயரையோ, வட்டமான வேறு எதையோ தெரிந்துவைத்துக்கொண்டு, அது திரையில் வட்டமாக வரும் வரை உருளும் வேகத்தை மாற்றுங்கள். டயர் வட்டமாக வந்தால் குழியும் வட்டமாகத்தான் வரும்.

தரை பாம்பு மாதிரி நெளிகிறது

படகு நேராகப் போகவில்லை. திரும்பும்போது உள்பக்கக் கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே குழியைத் திரும்பத் திரும்ப வரையும். வெளிப்பக்கக் கற்றைகள் விரிந்து நடுவில் இடைவெளி விடும், அந்த இடைவெளியில் ஒரு கூட்டமே காணாமல் போகலாம். கரையின் வளைவை ஒட்டி ஓட்டாதீர்கள். வளைவை மூன்று நாலு நேர்கோடாக வெட்டி, திரும்பும் நேரத்துப் படத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள். ஓரிடத்தில் மட்டும் நெளிந்து உடனே சரியானால் வேறு படகின் அலை வந்து போயிருக்கிறது.

ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் இருட்டு

இதில் எனக்கு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பருவம் முழுக்க என் வலது பக்கப் படம் மங்கலாகவே வந்தது. கருவி பழுது என்று முடிவே கட்டிவிட்டேன். வாங்கிய இடத்தில் சண்டை போட்டு, திருப்பி அனுப்பச் சொல்லி ஒப்புதலும் வாங்கியாயிற்று. கழற்றப் போன அன்று உடன் வந்த நண்பன், படகு டிரெய்லரில் இருக்கும்போதே, டிரான்ஸ்டியூசரின் (படகின் பின்னால் இருந்து ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் பகுதியின்) முதுகில் ஒரு சின்ன ரசமட்டத்தை வைத்தான்.

“மச்சி, இங்க பாரு. குமிழி எங்க நிக்குது?”

“ஓரத்துல.”

“அப்புறம் கம்பெனிக்காரன் என்னடா பண்ணுவான்?”

குமிழி மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ டிரெய்லர் கட்டையில் இடித்துப் பிடிமானம் வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் தரையைப் பார்க்க, மறுபக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு திருகைத் தளர்த்தி நிமிர்த்தினோம். வாங்கிய இடத்துக்குப் பேசி மன்னிப்புக் கேட்டதுதான் கஷ்டம்.

டிரெய்லரில் மட்டம் பார்க்கும்போது படகின் அடிப்பகுதி குறுக்கே மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் ரசமட்டம் டிரெய்லரின் சாய்வைத்தான் சொல்லும். முன்பின் மட்டத்தைத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் மெதுவாக ஓடும்போது படகின் பின்பக்கம் கொஞ்சம் அமரும். டிரான்ஸ்டியூசர் மட்டமாக இருந்தும் ஒரு பக்கம் இருட்டு என்றால், மோட்டாரின் கீழ்ப்பகுதி கற்றையை மறைக்கிறதா பாருங்கள். மோட்டாருக்கு மிக அருகிலும் அதைவிட உயரத்திலும் பொருத்தினால் இது நடக்கும். எடையும் ஒரு காரணம். ஆள் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தாலே சின்னப் படகு சாயும், படமும் சாயும்.

புள்ளிமழை, குறுக்கே ஓடும் கோடுகள்

ஒழுங்கான இடைவெளியில் சாய்வாக ஓடும் புள்ளிக்கோடு வேறொரு சோனாரின் சத்தம். முன்பக்கத்தில் இன்னொரு கருவி அதே அதிர்வெண்ணில் ஓடுகிறதா பார்த்து அணையுங்கள். டிரோலிங் மோட்டாரை (படகை மெதுவாக நகர்த்தும் மின்மோட்டாரை) தொட்டதும் கோடு வந்து, விட்டதும் போனால் மின்சத்தம். சோனாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள், டிரான்ஸ்டியூசர் ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒழுங்கே இல்லாமல் பனி பெய்வது போல வெளுத்தால் காற்றுக்குமிழி. வேகத்தைக் குறைத்ததும் நின்றுவிட்டால் டிரான்ஸ்டியூசர் மிக உயரத்தில் இருக்கிறது, அல்லது அதற்கு முன்னால் படகின் அடியில் ஏதோ ஒரு ஆணியோ பட்டையோ நீரைக் கலக்குகிறது.

வட்டங்கள் தெரிகின்றன. குழியா, கல்லா?

எல்லாக் கோளாறிலும் இதுதான் சுவாரசியமானது, ஏனென்றால் இங்கே கருவி சரி, படமும் சரி, பிழை வாசிப்பில்.

ஒலி படகிலிருந்து சாய்வாகப் போகிறது, மாலை வெயில் மாதிரி. மாலை வெயிலில் ஒரு கல்லை நினைத்துப் பாருங்கள். வெயில் வரும் பக்கம் பளிச்சென்றும், மறுபக்கம் நிழலாகவும் இருக்கும். ஒரு குழியில் இது தலைகீழ். வெயில் வரும் பக்கத்து விளிம்பு உள்ளே நிழலை விழ வைக்கும், எதிர்ச் சுவர் வெளிச்சத்தை வாங்கும். ஆகவே திரையில், படகின் பக்கம் கருப்பும் அதைத் தாண்டி வெளிச்சமும் என்றால் பள்ளம். படகின் பக்கம் வெளிச்சமும் அதைத் தாண்டி கருப்பும் என்றால் மேடு: கல், கட்டை, சிப்பிக் குவியல். திரையின் இடது பாதியில் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக மாறும். இடது வலது என்று மனப்பாடம் செய்தால் குழம்புவீர்கள். “படகுப் பக்கம் எது” என்று மட்டும் கேளுங்கள்.

நிறத் தட்டு, அதாவது திரையின் வண்ண அமைப்பு, ஒரு பொறி. வலுவான எதிரொலியைச் சில தட்டுகள் இருட்டாகக் காட்டும். அப்படி ஒன்றில் இருந்துகொண்டு இந்த விதியைப் போட்டால் ஏரியில் உள்ள கல்லெல்லாம் கூடாகத் தெரியும். நான் பொன்பழுப்புத் தட்டை விட்டு நகர்வதில்லை. அழகுக்காக இல்லை, அதில் நிழல் நிழலாகவே தெரிகிறது.

எந்தத் தூரத்தில் குழி நன்றாகத் தெரியும்? 5 அடி ஆழத் தண்ணீர், டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு 1 அடி கீழே. தரைக்கு மேல் 4 அடி உயரம். 20 அடி தள்ளி ஒரு குழி இருந்தால், கற்றை 5 அடிக்கு 1 அடி என்ற சாய்வில் விழுகிறது. 1 அடி அகலக் குழியில் எதிர்ச் சுவரின் மேல் 2.4 அங்குலம் வரை ஒலி படும். 3 அங்குலக் குழியில் ஏறக்குறைய முழுச் சுவர். நல்ல பிறை மாதிரி வெளிச்சம் வரும். அதே குழி 60 அடி தள்ளி இருந்தால் 0.8 அங்குலம்தான், ஒரு நகக்கீறல். படகுக்கு மிக அருகில், 5 அடி தள்ளி இருந்தாலோ ஒலி இன்னும் செங்குத்தாக, ஏறுவெயில் மாதிரி இறங்கும், நிழல் குறுகிவிடும். ஆகக் கூட்டம் ஒரு பக்கப் படத்தின் நடுவாக்கில், 15 முதல் 35 அடிக்குள் விழுமாறு படகை ஓட்டுங்கள். ஏதோ தெரிந்தும் தெளிவில்லை என்றால் சென்சிட்டிவிட்டியை விட்டுவிட்டுத் தூரத்தை மாற்றி இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. மணல் தரைமேல் மெல்லிய வண்டல் படிந்த இடத்தில் மீன் வண்டலை மட்டும் கூட்டித் தள்ளியிருக்கும். ஆழமே இருக்காது, நிழலும் இருக்காது. ஆனால் கூட்டிய மணல் கடினமானதால் சுற்றிலும் உள்ள மந்தமான தரையில் வெளிச்ச வட்டங்களாகத் தெரியும். அங்கே நிழல் விதி உதவாது. அளவையும் இடைவெளியையும் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒன்றுக்கொன்று இடிக்காமல் நெருக்கம் என்றால் கூடு. இயற்கை கற்களை அப்படி அளவெடுத்து அடுக்காது.

பள்ளங்கள்தான், ஆனால் வேறு யாரோ பறித்தது

பெரிய வாய் பாஸ் மீனின் கூடு தனியாக இருக்கும், 2, 3 அடி அகலம் இருக்கும். பக்கத்துக் கூடு தள்ளியே இருக்கும். காலத்திலும் அது ப்ளூகில்லுக்கு முந்தியது. கார்ப் மீன் இரை தேடிக் கிளறிய பள்ளங்களுக்கு அளவும் இல்லை, ஒழுங்கும் இல்லை. ஃப்ளோரிடா பக்கம் திலாப்பியாவும் கூட்டமாகக் குழி பறிக்கும். குழிகள் ப்ளூகில்லுடையதைவிடத் தெளிவாகப் பெரியவை.

பாசிக்குள் எதுவுமே தெரியவில்லை

தெரியாது. பாசி ஒலியை மறைக்கும், அதற்குப் பின்னால் நீள நிழல்தான். செய்யக்கூடியது, பாசியின் விளிம்புக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் இருந்தால் கரைப் பக்கமாகப் போய் ஆழத்தை நோக்கிப் பார்ப்பது. பாசிக்குள் இருக்கும் வட்டமான வெற்றிடங்களைக் கவனியுங்கள். ரெட்இயர் அந்த வெற்றிடங்களை விரும்பும், அங்கேதான் நத்தையும் இருக்கும். தொண்டைப் பல்லால் நத்தை ஓட்டை நொறுக்கித் தின்பதால்தான் அதற்கு ‘ஷெல்கிராக்கர்’ என்று பெயர். அரிசோனா எல்லையில் உள்ள ஹவாசு ஏரியில் வந்தேறிய குவாகா சிப்பிகளுக்குப் பிறகு ரெட்இயர் இதுவரை பார்க்காத பருமனுக்கு வளர்ந்ததற்கும் அந்தப் பல்தான் காரணம் என்று நினைக்கிறேன். 2021-இல் உலகச் சாதனை மீன் அங்கேதான் சிக்கியது.

திரையில் குறித்தேன், திரும்பிப் போனால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை

கர்சரைக் குழிமேல் வைத்து வேபாயிண்ட் (ஜிபிஎஸ் இடக்குறி) போடும்போது கருவி ஒரு யூகம் செய்கிறது: படகு எந்தத் திசையில் போகிறதோ அதற்குச் செங்குத்தாகக் குழி இருக்கிறது என்று. பக்கவாட்டுக் காற்றில் படகு நண்டு மாதிரி சாய்ந்து போகும். மூக்கு ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம். 10 டிகிரி சாய்வு இருந்தால் 40 அடி தூரத்தில் குறி 7 அடி தவறும். ஜிபிஎஸ் ஆண்டெனா முன்பக்கத்திலும் டிரான்ஸ்டியூசர் பின்பக்கத்திலும் இருந்தால் படகின் நீளம் வேறு சேர்ந்துகொள்ளும். அதோடு ஜிபிஎஸ்ஸின் சொந்தப் பிழை சில அடிகள்.

செலவில்லாத மருந்து: ஒரே கூட்டத்தை எதிரெதிர்த் திசையில் இரண்டு தடவை கடந்து இரண்டு குறி போடுங்கள். காற்றின் பிழையும் ஆண்டெனாவின் பிழையும் ஒரு தடவை முன்னே தள்ளினால் மறுதடவை பின்னே தள்ளும். கூடு இரண்டுக்கும் நடுவில். திசைமானி சென்சர் வைத்திருப்பவர்களுக்கு முதல் பிழை போய்விடும், இரண்டாவது போகாது. இரண்டு தடவை ஓட்டச் சோம்பலாக இருந்தால் கரையில் ஒரு மரத்தையோ தூணையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது அடிக்குள் இருப்பதற்கு வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குழி இருக்கிறது, மீன் இல்லை

பழைய குழியாக இருக்கலாம். முட்டை பொரிக்க 2 முதல் 5 நாள் ஆகும், குஞ்சு கிளம்பும் வரை ஆண் இன்னும் சில நாள் காவல் இருக்கும், பிறகு காலி. காலியான குழியின் விளிம்பு வண்டல் படிந்து மழுங்கிப்போகும். புதுக்குழி கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கும். காவலில் ஆண் இருந்தால் குழிமேல் அரிசிமணி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு குட்டி நிழல். புள்ளிக்கும் நிழலுக்கும் இடைவெளி கூடினால் மீன் தரையைவிட உயரத்தில் நிற்கிறது. எல்லாக் குழியிலும் மணி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாலைந்து தெரிந்தாலே உயிருள்ள கூட்டம்தான்.

நீங்களே விரட்டியும் இருக்கலாம். 4 அடித் தண்ணீரில் கூட்டத்தின் தலைமேல் படகை ஓட்டினால் எந்தத் தகப்பனும் ஒதுங்கித்தான் போவான். 30 அடி தள்ளி நின்று பத்து நிமிடம் சும்மா இருங்கள், திரும்பி வருவான். குளிர்காற்று புகுந்து தண்ணீரின் சூடு திடீரென்று இறங்கினாலும் மீன் ஆழத்துக்குப் போய்விடும். அதற்குச் சூடு திரும்பும் வரை காத்திருப்பதுதான் வழி. கோடை முழுக்கப் பல தடவை முட்டையிடுவதால் ஒரு வாரம் தவறினால் பருவமே போனதாக அர்த்தமில்லை.

மீன் கிடைக்கிறது, எல்லாம் விரலளவு

இது சோனாரில் தீராது, ஆனாலும் சோனாரால் வரக்கூடியது. ப்ளூகில்லில் எல்லா ஆணும் கூடு கட்டுவதில்லை. கட்டாமல் சின்னதிலேயே பருவமடைந்து, பெரிய ஆணின் குழிக்குள் சரேலென்று புகுந்து தன் விந்தைக் கலந்துவிட்டு ஓடும் திருட்டு ஆண்களும் உண்டு. பெரிய ஆண்களைக் கூட்டிலிருந்து அள்ளிக்கொண்டே போனால் முட்டைக்குக் காவல் இல்லை. வளர்ந்து கூடு கட்ட வேண்டிய கட்டாயமும் இளசுகளுக்கு இல்லை. வருடங்கள் போகப் போக ஏரி முழுக்க விரலளவுதான். மின்னசோட்டாவில் சன்ஃபிஷ்ஷுக்கு மாநிலப் பொது வரம்பு நாளைக்கு 20 என்றிருக்க, பல ஏரிகளில் அதை 10, 5 என்று குறைத்தது இதை மனதில் வைத்துத்தான். உங்கள் ஏரியின் வரம்பைப் பார்த்துவிட்டுத் தூண்டிலைப் போடுங்கள். நான் கூட்டத்தின் ஓரத்தில் நாலைந்து பிடிப்பேன், நெற்றி புடைத்த பெரிய ஆணைத் தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்த குறிக்கு நகர்வேன்.

குறி என்றதும் நினைவு வருகிறது. வேபாயிண்டோடு தேதியையும் தண்ணீர்ச் சூட்டையும் நீர்மட்டத்தையும் எழுதிவையுங்கள், திரையையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மறுவருடமும் பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் வரும். நீர்த்தேக்கமாக இருந்து, மட்டம் 3 அடி இறங்கியிருந்தால் போன வருடக் குறியில் இந்த வருடம் நாரைதான் நிற்கும். அங்கிருந்து ஆழத்தை நோக்கி, அதே 4 அடிக் கோட்டைத் தேடி ஓட்டுங்கள்.